ரெஸ்டிக் பேக்கப்: மட்டக்களப்பில் ஒரு சின்ன ஒஃபிஸில் ஒரு வருடத்துக்கு மேல் பாவித்த அனுபவம்

நேரே விசயத்துக்கு வருகிறேன். சொந்தமாக ஒரு சேர்வர் வைத்து, அதில் கிட்டீயையோ ஃபோர்ஜெஜோவையோ (கிட் முறையில் கோடையும் அதன் மாற்றங்களையும் வைத்துப் பகிர உதவுகிற மென்பொருள்கள்) ஓடவிட்டு, உங்கள் கோட் முழுவதையும் அங்கேதான் வைத்திருக்கிறீர்கள் என்றால் ரெஸ்டிக் என்கிற பேக்கப் மென்பொருளை இந்தக் கிழமையே போட்டுவிடுங்கள். இலவசம், திறந்த மூலம், கோ மொழியில் எழுதியது, ஒரே ஒரு ஃபைல்தான், இறக்கி ஓடவிட்டால் வேலை செய்யும். 2025 பெப்ரவரியிலிருந்து பாவிக்கிறோம். இரண்டு இடத்தில் எங்களைச் சரியாகக் கஷ்டப்படுத்தியது, அதையும் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த இரண்டும் கிட் ரெப்போ (ஒரு மென்பொருளின் கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கிற களஞ்சியம்) வைத்திருக்கிற எல்லோருக்கும் வரக்கூடியவை, ஆனால் ரெஸ்டிக் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக ஃபோட்டோவும் ஆவணங்களும் பேக்கப் எடுப்பவர்களாக இருப்பதால் அதைத் தொடுவதில்லை.

நாங்கள் கல்லடியில் ஒரு மேல்மாடி அறையில் ஐந்து பேர். அக்கரைப்பற்றுப் பக்கம் அரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள், கல்முனையில் இரண்டு மூன்று பாமசிகளுக்கு மருந்து இருப்புப் பார்க்கிற மென்பொருள், இந்த மாதிரி வேலைகள். மொத்தம் 63 ரெப்போ, வட்டில் 14 ஜிபி அளவு. ஏன் வெளியில் ஒரு சேவையில் வைக்காமல் சொந்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். மாரிகாலத்தில் இணைப்பு நாள்கணக்கில் போனாலும் ஒஃபிஸுக்குள் இருக்கிற ஐந்து பேரும் புஷ் பண்ணலாம் (தங்கள் கோடைச் சேர்வருக்கு அனுப்பலாம்), ஒருவர் கோடை ஒருவர் பார்க்கலாம், வேலை நிற்காது. அதுதான் காரணம். அதற்கு விலையாக, அந்தப் பெட்டியைக் காப்பாற்றுகிற பொறுப்பு முழுக்க எங்கள் தலையில்.

முதலில் எங்களிடம் பேக்கப் இருக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு இரவும் கிட்டீயின் டம்ப் கட்டளை ஓடி, எல்லாவற்றையும் ஒரு ஸிப்பாகக் கட்டி, யூஎஸ்பி டிஸ்கில் போடும். ஒவ்வொரு ஸிப்பும் 12 ஜிபிக்கு மேல். நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாறியது 30 எம்பிதான் என்றாலும் 12 ஜிபியும் திரும்ப எழுதப்படும். பழையவற்றை அழிக்கிற ஸ்கிரிப்டில் ஒரு பிழை, டிஸ்க் நிரம்பிவிட்டது, அதற்குப் பிறகு எழுதிய ஸிப் எல்லாம் பாதியில் அறுந்தவை. எவருக்கும் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் வந்த தடை என்று சொன்னார்கள். ஒஃபிஸில் ஆள் இல்லை, யூபிஎஸ் அரை மணித்தியாலம் தாங்கி ஓய்ந்துவிட்டது, சேர்வர் அப்படியே விழுந்தது. அன்றைக்கு எழும்பி ஓடியது. அதற்கடுத்த நாட்களில் முறைவைத்து வந்த ஒன்றரை மணித்தியால வெட்டில் திரும்ப விழுந்தது. மூன்றாம் தரம் போடும்போது டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம், அத்தோடு சரி.

கோட் தப்பியது. கிட்டின் பெரிய நன்மை அது, ஐந்து லப்டொப்பிலும் ஐந்து முழுப் பிரதி இருந்தது, ஒன்றொன்றாகக் கூட்டிச் சேர்த்து 63இல் 61 ரெப்போவை எடுத்துவிட்டோம். மற்ற இரண்டும் வேலையை விட்டுப் போன ஒரு பிள்ளை மட்டும் தொட்டவை, வேறு எவருடைய லப்டொப்பிலும் இல்லை. ஆனால் இஷ்யூக்கள் (பிழைகளையும் செய்ய வேண்டியவற்றையும் எழுதி வைக்கிற பதிவுகள்), மறுஆய்வுக் குறிப்புகள், அவற்றில் ஒட்டியிருந்த படங்கள், இவை கிட்டுக்குள் இல்லையே, கிட்டீயின் தரவுத்தளத்திலும் அதன் ஃபோல்டரிலும்தான் இருக்கின்றன. கடைசியாக நல்ல ஸிப் இருந்தது 19 நாளுக்கு முந்தையது. அந்த 19 நாளும் போய்விட்டது.

அது என்ன பெரிய நட்டம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. இரண்டு மாதம் கழித்துக் கல்முனையிலிருந்து பாமசிக்காரர் எடுத்தார். "தம்பி, முதல் ஒருக்காச் சொன்னேனே, அதே பிழை திரும்ப வந்திருக்கு." ஒரே பெயரில் இருக்கிற 250 மில்லிகிராம் மாத்திரையும் 500 மில்லிகிராம் மாத்திரையும் பட்டியலில் ஒரே வரியாகக் கலந்து காட்டுகிற பிழை. ஜனவரியில் அவர் சொல்லி, படம் எடுத்து அனுப்பி, நாங்கள் மூன்று நாள் கதைத்து, இந்தக் காரணத்தால் இப்படித் திருத்துகிறோம் என்று இஷ்யூவில் எழுதி வைத்தோம். பிறகு வந்த தம்பி ஒருவர் அந்தத் திருத்தத்தைத் தேவையில்லாத சிக்கல் என்று நினைத்து எடுத்துவிட்டார். கொமிட் செய்தியில் (மாற்றத்தோடு சேர்த்து எழுதுகிற குறிப்பில்) "இஷ்யூ 212 பார்க்கவும்" என்று மட்டும் இருந்தது. 212 இல்லை. மருந்தின் அளவு மாறுவது விளையாட்டான விசயம் இல்லை. இஷ்யூவைக் காப்பாற்றுவது கோடைக் காப்பாற்றுவதற்குச் சமம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சரி, ரெஸ்டிக்குக்கு வருவோம். அது செய்வது என்னவென்றால், ஒவ்வொரு ஃபைலையும் துண்டு துண்டாக வெட்டுகிறது. வெட்டுகிற இடத்தை நீளத்தை வைத்துத் தீர்மானிப்பதில்லை, உள்ளே இருக்கிற பைட்டுகளை வைத்தே தீர்மானிக்கிறது. ஒரு துண்டு அரை எம்பியிலிருந்து 8 எம்பி வரை வரலாம், சராசரி 1 எம்பி. பெரிய ஃபைல் ஒன்றின் நடுவில் நாலு வரி சேர்த்தால் அந்த இடத்துத் துண்டு மட்டும் மாறும், பின்னால் இருப்பவை அதே இடத்தில் வெட்டுப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்த ஒரு ஹேஷ் பெயர். அந்தப் பெயர் ஏற்கனவே இருந்தால் திரும்ப எழுதாது. இருக்கிற துண்டை இன்னொரு தரம் சேமிக்காமல் விடுவதுதான் முழு வித்தை. கிட் பாவிப்பவர்களுக்கு இது புதிதாக இராது, கிட்டும் இதே யோசனையில்தான் ஓடுகிறது.

பழைய காலத்து மாற்றம்-மட்டும் பேக்கப்பில் ஞாயிறு முழுப் பிரதி, திங்கள் ஞாயிறின் மேல், செவ்வாய் திங்களின் மேல் என்று சங்கிலி போகும், நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் பின்னால் இருப்பவை வீண். ரெஸ்டிக்கில் அந்தச் சங்கிலி இல்லை. ஒவ்வொரு ஸ்னாப்ஷொட்டும் (ஒரு தரம் எடுத்த பேக்கப்) தன்னளவில் முழுமையானது, தனக்குத் தேவையான துண்டுகளின் பட்டியலைத் தானே வைத்திருக்கிறது. நடுவில் ஒரு நாளை அழித்தாலும் மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஃபொர்கெட் கட்டளைக்கு தினசரி 7, வாராந்தம் 5, மாதாந்தம் 12 என்று சொல்லி வைத்திருக்கிறோம், அது தானே தேர்ந்து மிச்சத்தை விலக்குகிறது. ஃபொர்கெட் மட்டும் ஓடினால் இடம் காலியாகாது, தேவைப்படாத துண்டுகளை அழிக்கிற ப்ரூனும் ஓட வேண்டும். இது தெரியாமல் டிஸ்க் ஏன் குறையவில்லை என்று ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஒரு துண்டு ஒரே ஒரு தரம்தான் சேமிக்கப்படுகிறது என்றால், டிஸ்கில் அந்தத் துண்டு பழுதானால் அதைப் பாவிக்கிற அத்தனை நாளும் சேர்ந்து பழுது. ஒரே டிஸ்கில் 24 ஸ்னாப்ஷொட் இருப்பதை 24 பிரதி என்று எண்ணவே கூடாது. அதனால்தான் செக் கட்டளையை ஓடவிட்டு, தரவில் ஒரு பங்கை உண்மையாகவே வாசித்துப் பார்க்கச் சொல்கிற தெரிவையும் கொடுக்க வேண்டும். நாங்கள் ஒவ்வொரு ஞாயிறும் பத்தில் ஒரு பங்கு என்று சுற்றி வருகிறோம், பத்து வாரத்தில் முழுவதும் வாசித்தாகிவிடும்.

இனி அந்த இரண்டு கஷ்டங்கள்.

முதலாவது. எங்கள் இரவுப் பேக்கப் வழக்கமாக 20 எம்பியிலிருந்து 60 எம்பிக்குள் நிற்கும். ஒரு வியாழக்கிழமை காலை பார்த்தால் 2.3 ஜிபி. முதல் நாள் எவரும் பெரிதாக எதுவும் புஷ் பண்ணவில்லை. பயந்துவிட்டேன், யாரோ உள்ளே புகுந்துவிட்டார்களோ என்று கூட யோசித்தேன். காரணம் கிட்டேதான். கிட் தன் தரவைக் கட்டி வைக்கிற பேக் ஃபைல்கள் கூடினால் (பொதுவாக 50 என்கிற எல்லை) கிட் தானாகவே துப்புரவு வேலை ஒன்றைத் தொடங்கும். எல்லாவற்றையும் கூட்டி ஒரு பெரிய பேக் ஃபைலாகத் திரும்பக் கட்டும். உள்ளடக்கம் அதேதான், ஆனால் அடுக்குகிற வரிசை மாறுகிறது, எதை எதோடு ஒப்பிட்டுச் சுருக்குவது என்பதும் மாறுகிறது. ரெஸ்டிக்கின் கண்ணுக்கு அது புதிய ஃபைல், 1 எம்பித் துண்டுகளில் பழையவற்றோடு பொருந்துவது கொஞ்சம்தான். எங்கள் பெரிய ரெப்போ ஒன்றே 2 ஜிபிக்கு மேல், அது திரும்பக் கட்டப்பட்ட நாள்தான் அந்த வியாழன்.

இதை ரெஸ்டிக்கின் பிழை என்று சொல்ல மாட்டேன், கிட்டும் தன் வேலையைத்தான் செய்தது. தீர்வு சின்னது. பெரிய ரெப்போவின் முக்கிய பேக் ஃபைலுக்குப் பக்கத்தில் அதே பெயரில் கீப் என்று முடிகிற ஒரு வெறும் ஃபைலை வைத்தால் கிட் அந்த பேக்கைத் தொடாது, புதிதாக வருபவற்றை மட்டும் தனியே கட்டும். அல்லது ரீபேக் கட்டளையில் ஜியோமெட்ரிக் என்கிற தெரிவு இருக்கிறது, அது சின்ன பேக்குகளை மட்டும் சேர்த்துக்கொண்டு பெரியதை விட்டுவிடும். நாங்கள் கீப் ஃபைல் வழியை எடுத்தோம். அதற்குப் பிறகு 100 எம்பியைத் தாண்டியது அபூர்வம்.

இரண்டாவது இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் வெளியில் தெரியாது. ரெஸ்டிக் ஒரு ஃபோல்டருக்குள் போனால் பெயர்களை அகரவரிசையில் எடுத்துப் போகும். சேர்வரில் இருக்கிற ஒரு கிட் ரெப்போவுக்குள் பாருங்கள், ஒப்ஜெக்ட்ஸ் என்ற ஃபோல்டர் முதலில் வரும், ரெஃப்ஸ் கடைசியில் வரும். ஒப்ஜெக்ட்ஸில்தான் உண்மையான கோட் இருக்கிறது, ரெஃப்ஸில் இருப்பது "மெயின் கிளை இந்தக் கொமிட்டில் நிற்கிறது" என்று சொல்கிற ஒரு வரி. ரெஸ்டிக் ஒப்ஜெக்ட்ஸை வாசித்து முடித்து ரெஃப்ஸுக்குப் போகும் இடைவெளியில் யாராவது புஷ் பண்ணினால், பேக்கப்பில் விழுகிற ரெஃப் புதிய கொமிட்டைக் காட்டும், அந்தக் கொமிட் பேக்கப்பில் இராது. ரெஸ்டிக் எல்லாம் சரி என்றுதான் சொல்லும், அதன் பக்கத்தில் எல்லாம் சரிதான்.

இது நடக்குமா என்று ஒரு நாள் வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தோம். பகல் வேலையில் எல்லோரையும் அடிக்கடி புஷ் பண்ணச் சொல்லிவிட்டு, அதற்கு நடுவில் திரும்பத் திரும்ப பேக்கப் எடுத்தோம். எடுத்ததை இன்னொரு இடத்தில் மீட்டு, ஒவ்வொரு ரெப்போவிலும் கிட் எஃப்எஸ்சிகே (ரெப்போ முழுமையா என்று பார்க்கிற கட்டளை) ஓடவிட்டோம். ஒன்றில் வந்தது, மெயின் கிளை காட்டுகிற கொமிட் இல்லை என்று. அன்றிலிருந்து நள்ளிரவு கழிந்து 2 மணி 15க்குக் கிட்டீயை நிறுத்தி, ஒஃபிஸிலேயே இருக்கிற இரண்டாவது டிஸ்குக்கு பேக்கப் எடுத்து, திரும்பக் கிட்டீயைத் தொடங்குகிறோம். ரெஸ்டிக் நேற்றைய ஸ்னாப்ஷொட்டோடு திகதியும் அளவும் ஒத்துப் பார்த்து மாறாத ஃபைல்களைத் திறக்காமலே தாண்டுவதால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 24 மணித்தியாலமும் நிறுத்த முடியாத இடமென்றால் எல்விஎம், ஸெட்எஃப்எஸ், பிட்டிஆர்எஃப்எஸ் போன்ற டிஸ்க் முறைகளில் அந்தக் கணத்தை உறைய வைத்து, உறைந்த பிரதியிலிருந்து எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கிற ஃபோல்டரிலிருந்து நேரே எடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

தரவுத்தளம் எங்களுடையது போஸ்ட்கிரெஸ். அதன் டம்பை (முழுத் தரவின் பிரதி) டிஸ்கில் எழுதாமல் குழாய் வழியே நேரே ரெஸ்டிக்குக்கு ஊட்டலாம், ஆனால் டம்ப் நடுவில் அறுந்தாலும் ரெஸ்டிக் வந்தவரைக்கும் வாங்கி, வெற்றி என்று ஸ்னாப்ஷொட் போட்டுவிடும். 0.17ஆம் பதிப்பிலிருந்து டம்ப் கட்டளையை ரெஸ்டிக்கே ஓட்டும்படி ஒரு தெரிவு வந்திருக்கிறது, கட்டளை தோற்றால் பேக்கப்பும் தோற்கும். அதைப் பாவியுங்கள். டம்பை ஜிஸிப் பண்ணிக் கொடுக்கவே வேண்டாம். சுருக்கிய ஃபைலில் தொடக்கத்தில் ஒரு வரி மாறினாலே பின்னால் எல்லா பைட்டும் மாறிவிடும், துண்டு எதுவும் பொருந்தாது. 0.14இலிருந்து ரெஸ்டிக்கே சுருக்குகிறது, அதனிடம் விடுவது நல்லது. எங்கள் பழைய தினசரி ஸிப்புக்கும் இதே வியாதிதான் இருந்தது.

எங்கே வைப்பது? ஒஃபிஸ் டிஸ்கில் எடுத்ததும், கொப்பி கட்டளை மூலம் அதே ஸ்னாப்ஷொட்டுகள் கல்முனையில் என் மச்சான் வீட்டில் இருக்கிற ஒரு சின்னப் பெட்டிக்கு எஸ்எஃப்டிபியில் (பாதுகாப்பாக ஃபைல் அனுப்புகிற முறை) போகின்றன. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம், போதும் என்று நினைத்தேன். இதைக் கேட்டுவிட்டு என் அம்மா ஒன்று சொன்னார்: கல்லடியும் கடற்கரை, கல்முனையும் கடற்கரை, 2004 டிசெம்பர் 26 அன்று இரண்டையும் ஒரே காலையில்தானே கடல் எடுத்தது. அவருக்குப் பேக்கப் என்றால் என்னவென்று தெரியாது, எங்கே வைத்தாய் என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே மூன்றாவது பிரதியைப் பேக்பிளேஸ் பி2 என்கிற இணையச் சேமிப்புச் சேவையில் போட்டேன். அப்போது முதல் 10 ஜிபி இலவசம், அதற்கு மேல் ஒரு டெராபைட்டுக்கு மாதம் 6 டொலர் என்கிற கணக்காக இருந்தது. வரலாறும் சேர்ந்து எங்களுடையது 22 ஜிபி, ஆகவே மாதம் 10 அமெரிக்க சதம் கூட வருவதில்லை. எல்லாம் எங்கள் பெட்டியை விட்டு வெளியேறும் முன்பே ஏஇஎஸ் 256 என்கிற குறியாக்கத்தில் பூட்டப்படுகிறது, சேமிக்கிறவருக்கு உள்ளே என்ன என்று தெரியாது, வாடிக்கையாளரின் கோட் என்பதால் எங்களுக்கு இது முக்கியம்.

முதல் தரம் 14 ஜிபியும் மேலே போக, எங்கள் 8 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் நாலு மணித்தியாலம். நடுவில் கரண்ட் போனது. திரும்ப ஓடவிட்டபோது ஏற்கனவே போய்ச் சேர்ந்த துண்டுகளை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடர்ந்தது, கடைசிச் சில நிமிட வேலை மட்டும்தான் திரும்பச் செய்யப்பட்டது. எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு இந்த ஒரு குணமே போதும். ஆனால் அப்படி அறுந்தால் ஒரு பூட்டு ஃபைல் பின்னால் கிடக்கும், ப்ரூன் அதைக் கண்டு ஓடாமல் நிற்கும். அன்லொக் கட்டளை கொடுத்தால் உரிமையாளர் இல்லாத பழைய பூட்டுகளை மட்டும் எடுத்துவிடும், பயப்படத் தேவையில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். திரையில் தட்டிப் பாவிக்கிற முகப்பு ஒன்றும் அதோடு வருவதில்லை, எல்லாம் கட்டளைதான். எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்பதை அது பார்க்காது, நீங்கள்தான் கிரொன் அல்லது சிஸ்டம்டி டைமர் எழுத வேண்டும். தோற்றால் உங்களுக்குச் சொல்லவும் சொல்லாது. நாங்கள் வெற்றியோ தோல்வியோ தினமும் காலை 6 மணிக்கு டெலிகிராமுக்கு ஒரு செய்தி வரும்படி எழுதியிருக்கிறோம், செய்தியே வராவிட்டாலும் அதுவும் ஒரு செய்தி. அப்புறம் பாஸ்வேர்ட். தொலைத்தால் போனதுதான், மீட்க வழியே கிடையாது, எழுதியவர்களாலும் முடியாது. ஒரே களஞ்சியத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சாவி சேர்க்கலாம், ஆகவே என்னிடம் ஒன்று, இன்னொரு பங்காளியிடம் ஒன்று.

போர்க் பேக்கப்பையும் இரண்டு கிழமை பாவித்துப் பார்த்தேன். நல்ல சாமான், 2015இல் அட்டிக் என்பதிலிருந்து பிரிந்து வந்தது, சுருக்குவதில் நிறையத் தெரிவுகள். ஆனால் எஸ்எஸ்எச் (வேறு கணினியோடு பாதுகாப்பாக இணைகிற முறை) வழியே அனுப்பும்போது மறுமுனையிலும் போர்க் இருக்க வேண்டும், பி2 போன்ற இடங்களுக்கு 1ஆம் வரிசைப் பதிப்புகளால் நேரே அனுப்ப முடியாது. எஸ்எஸ்எச் உள்ள சேர்வர் மட்டும்தான் உங்கள் இலக்கு என்றால் அதுவும் குறையில்லை. கிட்டின் பண்டில் கட்டளையால் நேற்றிலிருந்து இன்றுவரை வந்த கொமிட்களை மட்டும் கட்டலாம், அழகான வேலை, ஆனால் இஷ்யூ வராது, பழைய பண்டில் ஒன்று தொலைந்தால் அடுத்தது திறக்காது. கிட்டீ போன்ற இன்னொரு மென்பொருளான கிட்லாப்பை ஓட்டுபவர்களுக்கு அதன் உள்ளேயே மாற்றம்-மட்டும் எடுக்கிற வசதி இருக்கிறது, ஆனால் அது ரெப்போக்களுக்கு மட்டும், தரவுத்தளம் ஒவ்வொரு தரமும் முழுசாகத்தான்.

கிட்லாப் என்றதும் 2017 ஜனவரி 31 ஞாபகம் வருகிறது. களைத்துப்போயிருந்த ஒரு பொறியியலாளர் தவறான சேர்வரில் தரவு ஃபோல்டரை அழித்துவிட்டார், 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. அவர்களிடம் பல வகைப் பேக்கப் ஏற்பாடு இருந்தும், டம்ப் பதிப்பு பொருந்தாமல் நெடுநாளாகத் தோற்றிருந்தது, சேமிக்கிற இடம் வெறுமையாக இருந்தது, தோல்வியைச் சொல்கிற மின்னஞ்சல்களும் வழியில் நிராகரிக்கப்பட்டிருந்தன. தற்செயலாக ஆறு மணித்தியாலத்துக்கு முன் ஒருவர் எடுத்து வைத்த பிரதி ஒன்றுதான் காப்பாற்றியது. அவர்கள் இதை மறைக்காமல் எல்லாவற்றையும் பகிரங்கமாக எழுதினார்கள், அதற்காக இன்றைக்கும் அவர்கள் மேல் எனக்கு மரியாதை. டிஸ்க் நிரம்பி ஸிப் அறுந்த எங்கள் கதையும் அதே கதைதான்.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஒரு சனிக்கிழமை முழுக்க மீட்டுப் பார்க்கிறோம். ஒரு வெறும் லப்டொப்பை எடுத்து, பி2இலிருந்து இறக்கி, கிட்டீயை எழுப்பி, ஒரு புஷ் போகிறதா என்று பார்க்கிறது. முதல் தரம் 40 நிமிடத்தில் ஃபைல் எல்லாம் வந்துவிட்டது, எனக்குச் சரியான சந்தோசம். பிறகுதான் வேலை தொடங்கியது. பழைய சேர்வரில் கிட் பாவனையாளரின் எண் ஒன்று, புதியதில் வேறொன்று, ரெஸ்டிக் பழைய எண்ணிலேயே ஃபைல்களை வைத்தது. கிட் இந்த ஃபோல்டரின் உரிமையாளர் சந்தேகத்துக்குரியவர் என்று சொல்லி மறுத்துவிட்டது, 2022இலிருந்து வருகிற பாதுகாப்பு அது. உரிமையை மாற்றினோம். "அண்ணன், புஷ் போகுதில்ல" என்று தம்பி கூப்பிட்டான். ஒவ்வொரு ரெப்போவுக்குள்ளும் இருக்கிற ஹூக் ஸ்கிரிப்டுகள் (புஷ் வரும்போது தானே ஓடுபவை) பழைய பாதையில் கிட்டீயைத் தேடிக்கொண்டிருந்தன. கிட்டீயின் அட்மின் கட்டளையில் ஹூக்குகளைத் திரும்ப உருவாக்க ஒரு வழி இருக்கிறது, ஒரு நிமிட வேலை, ஆனால் அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மணித்தியாலம். கடைசியாக இரண்டு அடுக்கு உள்நுழைவு எவருக்கும் வேலை செய்யவில்லை. கிட்டீயின் அமைப்புகள் இருக்கிற ஆப் ஐஎன்ஐ ஃபைலை நாங்கள் பேக்கப்பில் சேர்க்கவில்லை, அதில் இருக்கிற இரகசியச் சாவி இல்லாமல் தரவுத்தளத்தில் பூட்டி வைத்ததைத் திறக்க முடியாது. உண்மையான சேர்வரிலிருந்து அதை எடுத்து வந்து அன்றைக்குத் தப்பினோம், உண்மையான சேர்வர் இல்லாத நாளாக இருந்திருந்தால் தப்பியிருக்க முடியாது. இப்போது அதுவும் சேர்ந்து போகிறது.

இரண்டாம் தரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம். படிகளை எழுதி அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், புதிதாக வந்த பிள்ளையிடம் கொடுத்து, நாங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து செய்ய வைத்தோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது எங்களுக்குக் கரண்டும் இணைப்பும் நாள்கணக்கில் இல்லை. சேர்வரை முதலே நிறுத்தி, மேசைக்கு மேல் தூக்கி வைத்து, பொலித்தீன் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனோம். கடைசி ஸ்னாப்ஷொட் அன்று அதிகாலை 2.15க்கு எடுத்தது, ஒஃபிஸ் டிஸ்கிலும் பி2இலும் இருந்தது, செய்தியும் 6 மணிக்கு வந்திருந்தது. வீட்டில் தண்ணீர் ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த இரவுகளில் சேர்வரைப் பற்றி நான் ஒரு தரமும் யோசிக்கவில்லை. வெள்ளம் வடிந்து திரும்பப் போட்டபோது நல்லபடியாகவே எழும்பியது. மச்சான் வீட்டுப் பெட்டி மட்டும் நாலு நாள் பின்தங்கி இருந்தது, அடுத்த இரவு கொப்பி ஓடியதும் தானே பிடித்துக்கொண்டது.

பாஸ்வேர்ட் எழுதிய கடதாசி ஒன்று அம்மாவின் அலுமாரியில், காணி உறுதிகளோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அது எதற்கு என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.